இரண்டாம் ஓலையில் எழுந்த தடை

1. ஆடும் நாற்காலி மூன்று

நான் அந்தச் சபைக்குப் போதகராகப் போன முதல் நாள், டெம்போவிலிருந்து பீரோவை இறக்கும் முன்பே என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வாங்கியவர் செஷன் எழுத்தர் ஏசுவடியான். போதகர் வீட்டில் இருக்கும் சாமான்களின் பட்டியலை நீட்டினார். "நாற்காலி பதினெட்டு. அதில் கால் ஆடுவது மூன்று" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"எந்த மூணுன்னு சொன்னா அதுல உக்காராம இருப்பேனே" என்றேன், பழகுவதற்காக.

அவர் சிரிக்கவில்லை. "நாலாவது ஒண்ணு ஆடிச்சுன்னா அது உங்க பொறுப்பாக்கும், ஐயரே" என்றார்.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். போதகர் மனைவி ஐயரம்மா. வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். மீன்கறி இல்லாமல் சோறு இறங்காத ஐயர் நான்.

நெய்யூருக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த சின்னப் பிரஸ்பிட்டேரியன் சபை அது. பெரிய சபைகளில் பிஷப் இருப்பார். தலைவலி வந்தால் போதகர் மேலே கையைக் காட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சபை மக்கள் தேர்ந்தெடுத்த மூப்பர்கள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். மூப்பர்களும் போதகரும் கூடும் கூட்டத்துக்குப் பெயர் செஷன். போதகர் அதற்குத் தலைவர். தலைவருக்கு நடுவில் நாற்காலி உண்டு, மேசையில் மணி உண்டு. ஆனால் முன்மொழியக் கூடாது, வழிமொழியக் கூடாது. ஓட்டும் கிடையாது. புதிதாக ஊழியத்துக்கு வரும் தம்பி தங்கையர் இதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் யாரும் உங்களுக்குக் குறுக்கே பேச மாட்டார்கள். அந்த மயக்கத்தில் செஷனுக்குப் போனால், ஃபேனை நகர்த்திப் போடுவதற்குக்கூட நீங்கள் இரண்டு பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

எங்களுக்கு மூன்று மூப்பர்கள். எழுத்தர் ஏசுவடியான் அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சை அட்டை போட்ட சபைச் சட்டப் புத்தகம் எப்போதும் அவர் அக்குளில் இருக்கும். இரண்டாமவர் பொன்னையன். ரப்பர் நாற்று விற்பவர். காது மந்தம், ஆனால் வேண்டாததுதான் கேட்காது. மூன்றாமவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. அவர் வராமல் போனதுதான் இங்கே முக்கியம்.

2. ஒரு ஆமென், ஒரு டிக்

ஏசுவடியானுக்கு ஒரே மகள், ஷைனி. தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. என் கையிலும் பலமுறை ஊசி குத்தியிருக்கிறாள். சர்க்கரை கூடியிருந்தால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வாரம் எத்தன வீட்டுல சாயா குடிச்சிய, ஐயரே?" என்று கேட்பாள். மாதத்தில் பாதி நாள் வீடு சந்திப்புக்குப் போகும் மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

அவளுக்கு ஒரு வரன் அமைந்தது. பையன் அஜின், குவைத்தில் வேலை. வீடு களியக்காவிளைப் பக்கம். நாற்பது நாள் லீவில் வருவான், கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் போவான் என்று பேச்சு. உறுதி செய்யும் ஜெபத்துக்காக ஏசுவடியான் வீட்டில் கூடினோம். பையன் குவைத்தில் இருந்ததால் அவனுடைய சித்தப்பா ஸ்டீபன்சன்தான் முன்னால் உட்கார்ந்து பேசினார். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் மேசையில் இருந்தன.

எங்கள் சபையில் திருமணத்துக்கு ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம். "மணமகளின் சம்மதத்தைப் போதகர் நேரில் கேட்டறிந்தார்." கேட்டுவிட்டு, போதகர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும்போது, "ஏம்மா, உனக்கு இவனைப் பிடிச்சிருக்கா?" என்று எப்படிக் கேட்பது? நான் ஜெபம் பண்ணினேன். "இந்தப் பிள்ளைகள் இருவரும் மனமொத்து இந்த வாழ்க்கைக்குள் வர" என்று நன்றாக நீட்டி ஜெபித்தேன். முடிவில் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். ஷைனியின் உதடும் அசைந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. டிக் போட்டேன். உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன், அடுக்களையிலிருந்து கோழிக்கறி வாசனையும் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது என் மனைவி ஆட்டோவில் பேசாமல் வந்தாள். அது நல்ல சகுனம் இல்லை.

"அந்தப் பிள்ளைக்க முகத்தப் பாத்தியளா?" என்றாள் கடைசியில்.

"அவதான் ஆமென் சொன்னாளே."

"ஆமென் சொன்னா சம்மதமா? உங்க பிரசங்கத்துக்குந்தான் எல்லாரும் ஞாயித்துக்கிழம தோறும் ஆமென் சொல்லுதாவ. கேட்டுக்கிட்டா சொல்லுதாவ?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கே திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருக்காது.

3. பாட்டு நம்பர் தப்பிய ஞாயிறு

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரை வாசிப்போம். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். கம்ப்யூட்டரில் அடித்த காகிதம்தான், பேச்சுக்கு இன்னும் ஓலை. இவர்கள் இணையக் கூடாது என்பதற்குத் தடை ஏதும் தெரிந்தால் சபையில் எவரும் சொல்லலாம் என்று முடிப்போம். என் ஊழியக் காலத்தில் எத்தனையோ ஓலை வாசித்திருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை. "சொல்லலாம்" என்பதற்கும் அடுத்த பாட்டு நம்பருக்கும் நடுவில் நான் ஒரு கொசு நுழையும் இடம்கூடக் கொடுப்பதில்லை.

முதல் ஓலை நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் ஓலை வாசித்த அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சொல்லலாம்" என்றதும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். அந்த ஒரு மடக்கு நேரத்தில் பாடகர் குழுவிலிருந்து ஷைனி எழுந்து நின்றாள்.

"என்னம்மா, மைக் வேணுமா?" என்றேன்.

"இல்ல ஐயரே. எனக்குத் தடை உண்டு."

"எதுக்கு?"

"இப்பம் வாசிச்சியளே, அந்தக் கல்யாணத்துக்கு."

தூணோரம் ஸ்டாண்டில் செருகியிருந்த செல்போன் எல்லாவற்றையும் யூடியூபில் நேரலையாக வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, நீதானே மணப்பெண்ணு?" என்றேன். அதைவிட மடத்தனமான கேள்வியை நான் பீடத்திலிருந்து கேட்டதில்லை.

"சட்டத்துல 'சபையில் எவரும்'னுதான் போட்டிருக்கு, ஐயரே. மணப்பெண் தவிரன்னு போடல்ல. எழுதிக் கொண்டுவந்திருக்கேன்." மடித்த தாளை உயர்த்திக் காட்டினாள். குரல் நடுங்கவில்லை.

"கொள்ளாம்!" என்று மெச்சினார் பொன்னையன், காது கேட்காதவர்களுக்கே உரிய சத்தத்தில்.

எல்லாத் தலையும் ஏசுவடியான் பக்கம் திரும்பியது. மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் எழுந்தார். அக்குளில் இருந்த பச்சைப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எழுத்து மூலம் தந்தா செஷன் வாங்கித்தான் ஆவணும், ஐயரே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் பாட்டு நம்பரை மாற்றிச் சொல்லிவிட்டேன். பாடகர் குழு ஒரு பாட்டும் சபையார் வேறு பாட்டும் பாடினார்கள். நான் இரண்டுக்கும் வாயசைத்தேன்.

4. சித்தப்பா வந்தார்

சோற்றில் கை வைக்கும் முன் கார் வந்து நின்றது. ஸ்டீபன்சன். தடை மனுவைப் பதிவேட்டில் ஏற்றுவதற்காக ஏசுவடியானும் ஏற்கெனவே என் வீட்டில் இருந்தார். ஸ்டீபன்சன் வந்த வேகத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அது அந்த மூன்றில் ஒன்று. நான் எச்சரிக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைய வளக்கத் தெரியாதா ஓய் உமக்கு?" என்று ஆடிக்கொண்டே கேட்டார். "குவைத்துல ரூம்ல இருந்த அத்தன பேரும் லைவ்ல பாத்திருக்கான். அடுத்த ஞாயிறு மூணாம் ஓலை வாசிச்சாவணும்."

"தடை நிலுவையில கிடக்கு" என்றார் ஏசுவடியான். "செஷன் தீக்காம மூணாம் ஓலை வாசிக்கப்படாது. பக்கம் நாப்பத்தொண்ணு."

"நான் உம்ம பக்கத்தையா கேட்டேன்? உம்ம மகள அடக்கும் ஓய்!"

"நாள மறுநாள் சாயங்காலம் செஷன். முடிவு எழுத்துல வரும்."

ஸ்டீபன்சன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகுதான் ஏசுவடியான் உட்கார்ந்தார்.

"என் மானம் போச்சு, ஐயரே" என்றார். "செஷன்ல இந்தத் தடையத் தள்ளிரணும். அவ எழுதியிருக்க முக்கியமான காரணம் என்ன தெரியுமா? 'என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.' நீங்கதானே கேட்டேன்னு டிக் போட்டிருக்கிய? அத ஒரு வார்த்த சொன்னாப் போரும். தடை விழுந்துரும்."

ஆமாம், கேட்டேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளை பொய் சொன்னவள் ஆவாள், மூன்றாம் ஓலையும் வாசிக்கப்படும், கல்யாணமும் நடந்துவிடும். கேட்கவில்லை என்றால் பொய்க் கையெழுத்துப் போட்டவன் நான். அதுவும் மினிட்ஸில், அதாவது செஷன் நடவடிக்கைக் குறிப்பில், ஏறும். மினிட்ஸ் வருடா வருடம் எங்கள் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மேல்சபையின் தணிக்கைக்குப் போகும். நான் ஓய்வு பெற அப்போது அதிக காலம் இல்லை.

அவர் போனபிறகு என் மனைவியைப் பார்த்தேன். அவள் மீன்கறியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஆறிப்போச்சு, தின்னுங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5. வழிமொழிய ஒருவர்

செஷன் செல்லுபடியாகத் தலைவரும் இரண்டு மூப்பர்களும் வேண்டும். மூன்றாம் மூப்பர் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். "நான் பெண்ணுக்க தகப்பன். விலகி இருக்கணும்" என்றார் ஏசுவடியான். அவர் விலகினால் ஆள் எண்ணிக்கை போதாது, கூட்டம் செல்லாது. அதுவும் அவருடைய புத்தகத்திலேயே இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

ஷைனி லேபிலிருந்து நேராக வந்தாள். தாளை விரித்து வாசித்தாள். "ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கு அது சம்மதம் இல்லை. இரண்டு. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை."

"போதகர் கேட்டதாகப் படிவத்தில் இருக்கு" என்றார் ஏசுவடியான். என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அவர் கண்ணில் நான் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"நான் கேக்கல" என்றேன். "ஜெபம் பண்ணினேன். ஆமென் சொன்னா. டிக் போட்டேன்."

"எழுதவா?"

"எழுதுங்க."

எழுதினார். அந்தப் பேனா கீறிய சத்தம் என் முதுகில் கீறியது போல் இருந்தது.

பொன்னையனுக்கு அன்று காது நன்றாகக் கேட்டது. "ஆமென்னுக்கா டிக் போட்டிய?" என்றார். "அன்னைக்கு நானும் அந்த வீட்டுல இருந்து ஆமென் சொன்னேனே, ஐயரே. எனக்கும் அந்தப் பயலுக்கும் ஓலை வாசிப்பியளோ?"

ஷைனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கே சிரிப்பு வந்தது, அவமானத்தோடு.

"தடை செல்லும்னு நான் முன்மொழியுதேன்" என்றார் பொன்னையன். "எழுதும் ஓய்."

எழுதினார். பிறகு பேனா நின்றது. வழிமொழிய ஒருவர் வேண்டும். தலைவர் வழிமொழியக் கூடாது. மீதி இருந்தவர் ஒரே ஒருவர். அவர் வழிமொழியாவிட்டால் தீர்மானம் விழும், தடையும் விழும். நான் மணியைப் பார்த்தேன். பொன்னையன் கூரையைப் பார்த்தார்.

"எழுத்தர் மனுதாரரிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றார் ஏசுவடியான்.

"கேளுங்க."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "மக்களே" என்றார், மகளை வீட்டில் கூப்பிடுவது போல. "இத ஏன் வீட்டுல சொல்லல்ல?"

"மூணு தடவ சொன்னேன் அப்பா" என்றாள் ஷைனி. "ஒரு தடவ நீங்க நியூஸ் பாத்துக்கிட்டிருந்திய. ஒரு தடவ 'எல்லாம் செரியாவும், போ'ன்னிய. ஒரு தடவ 'ம்'னிய. இஞ்ச சொன்னா நீங்க எழுதித்தானே ஆவணும்?"

ஏசுவடியான் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆறுதல் சொல்வது என் தொழில், ஆனால் டிக் போட்டவனுக்கு அங்கே என்ன வாய் இருக்கிறது?

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எழுதிக்கொண்டே வாசித்தார். "வழிமொழிந்தவர், ஏசுவடியான்."

அதோடு எழுந்துவிடவில்லை. மினிட்ஸை அங்கேயே வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் வாசித்தார். "வீட்டில் மூன்று முறை சொன்னதாகவும், தகப்பனார் கவனிக்கவில்லை என்றும் மனுதாரர் தெரிவித்தார்" என்ற வரியையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். யாரும் அதை எழுதச் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தீர்மானம் உண்டு. இனிமே போதகர் மணமகளத் தனியாச் சந்திச்சுச் சம்மதம் கேக்கணும். கேட்ட இடமும் நேரமும் படிவத்துல எழுதணும்." பொன்னையன் வழிமொழிந்தார். என்னைக் கண்டிக்கும் தீர்மானத்தில், தலைவர் என்ற முறையில், நானே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பார்த்தபோது அப்பாவின் ஸ்கூட்டரை ஷைனி ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். பச்சைப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்.

6. இன்னொரு கட்டம்

தணிக்கையில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். இளம் போதகர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். ஓலை வாசித்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். அவசரப்படாதீர்கள். கேட்க வேண்டியதைக் கண்ணைத் திறந்துகொண்டு, தனியாக, வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டபிறகு பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். நம் தொழிலில் அதுதான் கடினம்.

நான் பாடத்தை முழுதும் படித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஷைனிக்கு வேறொரு வரன் வந்தது. பூதப்பாண்டியில் பள்ளி ஆசிரியர், பெனட். இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். தீர்மானப்படி நான் லேபுக்கே போனேன். இடம், நேரம் எல்லாம் குறித்துக்கொண்டேன். அவள் என் கையில் ஊசி ஏற்றும்போது கேட்டேன்.

"சம்மதம், ஐயரே. முழு சம்மதம். வேலைய விடாண்டாம்னு அவங்களே சொல்லியாச்சு" என்றாள். நான் பேனாவை எடுத்தேன். "அவரிட்ட கேட்டியளா?" என்றாள்.

"யாரிட்ட?"

"மாப்பிள்ளையிட்ட."

கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கும் தோன்றவில்லை.

"அப்பம் டிக் போடாதிய" என்று சொல்லிப் பஞ்சை அழுத்தினாள்.

அன்றைக்கே பஸ் ஏறிப் பூதப்பாண்டி போனேன். பெனட்டைப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் தனியாக நிறுத்திக் கேட்டேன். அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

"சம்மதம்தான், ஐயரே" என்றான் கடைசியில். "இதுவர யாரும் கேக்கலியா, அதான் எப்படிச் சொல்லணும்னு யோசிச்சேன்."

படிவத்தில் பேனாவால் இரண்டாவதாக ஒரு கட்டம் வரைந்து டிக் போட்டேன். ஏசுவடியான் அதைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "படிவத்தத் திருத்தப் போதகருக்கு அதிகாரம் கிடையாது" என்றார். அடுத்த செஷனில் என்னைக் கண்டித்து இன்னொரு தீர்மானம் வந்தது. முன்மொழிந்தவர் அவர்தான். மறு மாதம் அச்சகத்திலிருந்து புதுப் படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டம் இருந்தது.